பிலிப்போ புரூனெலெஸ்கி

பிலிப்போ புரூனெலெஸ்கி (1377 – ஏப்ரல் 15, 1446) இத்தாலியின் புளோரன்ஸ் நகரைச் சேர்ந்த கட்டிடக் கலைஞரும், பொறியாளரும், சிற்பியும் ஆவார். மறுமலர்ச்சிக் காலக் கட்டிடக்கலையைத் தொடக்கி வைத்தவர்களுள் முதன்மையானவராக இவர் கருதப்படுகிறார். புளோரன்ஸ் பேராலயத்தின் செந்நிறக் குவிமாடம் இவரது படைப்புக்களுள் மிகவும் புகழ் பெற்றது. சுற்றியுள்ள குன்றுகளில் இருந்து நகரை நோக்குவோரின் கண்ணில் முதலில் படுவது இதுவே.

இளமைக் காலம்

இவரது தந்தை புரூனெலெஸ்கோ தி லிப்போ ஆவணங்கள் எழுதும் சட்ட அலுவலராகப் பணியாற்றியவர். மகனும் அத்தொழிலையே மேற்கொள்ளக்கூடும் என்ற எதிர்பார்ப்பு இருந்த போதிலும், பிலிப்போ பொற்கொல்லர் தொழிலைக் கற்றார். அக்காலப் புளோரன்சில் பொற்கொல்லர்கள் பட்டு வணிகர் குழுவின் உறுப்பினராகப் பதிவு செய்து கொள்வது வழக்கம். 1398 ஆம் ஆண்டில் அக்குழுவில் சேர்ந்த பிலிப்போ, 1404 ஆம் ஆண்டில் முழுத் தகுதி பெற்ற பொற்கொல்லர் ஆனார். கட்டிடக் கலையில் முறையான பயிற்சி எதையும் இவர் பெற்றிருக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

கதவுப் போட்டி

பேராலயத்துக்கு எதிரில் எண்கோண வடிவிலான திருமுழுக்கு ஆலயம் உள்ளது. இதற்கு வெண்கலக் கதவு செய்வதற்காக 1401 ஆம் ஆண்டில் ஒரு போட்டி அறிவிக்கப்பட்டது. ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட முயலும் காட்சியை ஒரு பலகையில் வடித்துக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. போட்டியிட்ட எழுவரில் புரூனெலெஸ்கியும் லொரென்சோ கிபெர்ட்டியும் முன்னணியில் இருந்தனர். இறுதியில் பணி கிபெர்ட்டிக்குக் கிடைத்தது.

முடிவு எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நடுவர்கள் அனைவரும் தன்னையே தேர்ந்ததாகக் கிபெர்ட்டி எழுதி வைத்துள்ளார். இருவரையும் இணைந்து செய்யும்படி நடுவர்கள் கேட்டதாகவும், புரூனெலெஸ்கி அதற்கு உடன்படவில்லை என்றும் பிற்காலத்தில் அவரது வரலாற்றை எழுதிய மனெட்டி கூறுகிறார். இருவரும் தத்தம் தரப்பைப் பேசுவதால் எதையும் அப்படியே ஏற்க முடியாது. ஆனால் இரண்டு பலகைகளும் அழியாமல் எஞ்சியுள்ளன. பார்ஜெல்லோ அருங்காட்சியகத்துக்குச் செல்பவர்கள் அவற்றை ஒப்பிட்டுத் தாமே முடிவுக்கு வரலாம். புரூனெலெஸ்கியின் பலகையில் வேகமும் பதற்றமும் மிகுதி. கிபெர்ட்டியின் பலகை பெரும்பாலும் ஒரே வார்ப்பாகச் செய்யப்பட்டது. அதற்குச் செலவான வெண்கலமும் குறைவு. கணக்குப் பார்க்கும் வணிகர்களுக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

உரோமும் இயலுறு தோற்றமும்

இத்தோல்விக்குப் பின்னர் புரூனெலெஸ்கி, இளம் சிற்பியான டொனாடெல்லோவுடன் உரோமுக்குச் சென்று பழைய கட்டிடங்களின் இடிபாடுகளை அளந்து ஆராய்ந்தார் என மனெட்டி குறிப்பிடுகிறார்.

தொலைவில் உள்ள பொருட்கள் சிறிதாகத் தெரிவதைக் கணித முறைப்படி தளத்தில் வரைந்து காட்டும் இயலுறு தோற்ற முறையை முதலில் செய்து காட்டியவரும் இவரே. திருமுழுக்கு ஆலயத்தை ஒரு பலகையில் வரைந்து, அதில் சிறு துளை இட்டார். பார்ப்பவர் பலகையின் பின்புறம் நின்று, துளை வழியே எதிரே பிடித்த கண்ணாடியில் ஓவியத்தின் பிம்பத்தைக் காண வேண்டும். கண்ணாடியை விலக்கினால் உண்மையான ஆலயம் அதே தோற்றத்தில் தெரியும். இப்பலகை இன்று இல்லை.

பேராலயக் குவிமாடம்

சாந்தா மரியா தெல் ஃபியோரே எனப்படும் பேராலயத்தின் கட்டுமானம் 1296 ஆம் ஆண்டில் தொடங்கியது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகியும் அதன் நடுவே ஏறத்தாழ 45 மீட்டர் அகலமுள்ள எண்கோணத் திறப்பு மூடப்படாமலே இருந்தது. வெளிப்புறத்தில் முட்டுச் சுவர்கள் வைப்பதில்லை என 1367 ஆம் ஆண்டிலேயே முடிவு செய்யப்பட்டுவிட்டது. எவ்வாறு கட்டுவது என்று அறியாமலே இவ்வளவு பெரிய குவிமாடத்துக்கு நகரத்தார் உறுதி பூண்டிருந்தனர்.

வழக்கமான முறைப்படி, சாந்து இறுகும் வரை வளைவைத் தாங்குவதற்குத் தரையில் இருந்தே மரச் சட்டகம் எழுப்ப வேண்டும். ஆனால் குவிமாடம் தொடங்கும் இடமே தரையில் இருந்து 50 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருந்தது. 1418 ஆம் ஆண்டில் நடந்த போட்டியில், அத்தகைய சட்டகம் இல்லாமலே கட்டலாம் என்றார் புரூனெலெஸ்கி. தன் முறையை முழுவதுமாக விளக்க அவர் மறுத்ததாகக் கூறப்படுகிறது. முட்டையை மேசையில் தட்டி நிறுத்திக் காட்டினார் என்ற புகழ் பெற்ற கதை நூறாண்டுக்குப் பின்னர் வசாரி எழுதியது. கொலம்பசைப் பற்றியும் இதே கதை வழங்குவதால் அதனை வரலாறாகக் கொள்வதற்கில்லை.

1420 ஆம் ஆண்டில் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் தனியாக அல்ல. பழைய போட்டியாளரான கிபெர்ட்டியும் அதே ஊதியத்தில் இணைப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். இருவருக்கும் ஆண்டுக்கு 36 ஃபுளோரின்கள். 1426 ஆம் ஆண்டில் புரூனெலெஸ்கியின் ஊதியம் 100 ஃபுளோரின்களாக உயர, கிபெர்ட்டியினது பழைய அளவிலேயே நின்றது. பணியை நடத்துபவர் யார் என்பது அதற்குள் தெளிவாகிவிட்டது எனலாம்.

குவிமாடம் ஒன்றினுள் ஒன்றாக அமைந்த இரண்டு ஓடுகளைக் கொண்டது. உள் ஓடு தடித்தது. வெளி ஓடு மெல்லியது. எட்டு மூலைகளிலும் இடைகளிலும் எழும் 24 விலாக்கள் இவற்றை இணைக்கின்றன. குவிமாடம் வெளிப்புறமாகப் பிளந்து விரியாதிருக்கக் கல்லாலும் மரத்தாலும் ஆன வளையங்கள் சுவருக்குள் பதிக்கப்பட்டன. செங்கற்கள் மீன் முள் வடிவில் அடுக்கப்பட்டன. கிடையான வரிசைகளுக்கு இடையே ஆங்காங்கு செங்குத்தாக நிற்கும் செங்கற்கள், சாந்து இறுகும் முன்னர் வரிசை சரிந்துவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. இவ்வாறு ஒவ்வொரு சுற்றும் தன்னைத் தானே தாங்கியபடி அடுத்த சுற்றுக்கு அடித்தளமாயிற்று. 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்கள் பயன்பட்டதாக மதிப்பிடப்படுகிறது.

இவற்றை மேலே ஏற்ற அவர் அமைத்த பாரம் தூக்கும் பொறி எருதுகளால் இயங்கியது. எருதுகளை அவிழ்த்துத் திருப்பிக் கட்டாமலே, பற்சக்கரத்தை மாற்றுவதன் மூலம் சுமையை ஏற்றவும் இறக்கவும் முடிந்தது. பிற்காலத்தில் லியொனார்டோ டா வின்சி இவரது பொறிகளைப் படமாக வரைந்து வைத்தார்.

1436 மார்ச் 25 அன்று திருத்தந்தை நான்காம் யூஜின் பேராலயத்தை அர்ப்பணித்தார். செங்கல்லால் கட்டப்பட்ட குவிமாடங்களுள் உலகில் இன்றும் பெரியது இதுவே. பயணிகள் 463 படிகளில் ஏறி உச்சியை அடையலாம். வழியின் ஒரு பகுதி இரண்டு ஓடுகளுக்கும் இடையில் செல்வதால் செங்கல் அடுக்கு முறையை அருகில் இருந்து காண இயலும். உட்புறத்தை மூடியுள்ள இறுதித் தீர்ப்பு ஓவியம் வசாரியும் சுக்காரியும் 1572–1579 காலத்தில் வரைந்தது. புரூனெலெஸ்கிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பிற கட்டிடங்கள்

குவிமாடத்துக்கு ஓராண்டு முன்பே, 1419 ஆம் ஆண்டில், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லத்தைப் பட்டு வணிகர் குழுவுக்காகக் கட்டத் தொடங்கினார். மெல்லிய தூண்களும் அரைவட்ட வளைவுகளும் கொண்ட இதன் முகப்பு மண்டபம் மறுமலர்ச்சிப் பாணியின் முதல் கட்டிடமாகப் பலராலும் சுட்டப்படுகிறது. 1445 ஆம் ஆண்டில் முதல் குழந்தை இங்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது. வளைவுகளுக்கு மேலே நீலப் பின்னணியில் துணி சுற்றிய குழந்தைகளைக் காட்டும் வட்டச் சிற்பங்கள் பின்னர் ஆந்திரேயா தெல்லா ரோபியாவால் செய்யப்பட்டவை. சான் லொரென்சோ, சாந்தோ ஸ்பிரித்தோ ஆகிய ஆலயங்களும் இவரது வடிவமைப்பே. இரண்டும் இவர் இறந்த பின்னரே நிறைவுற்றன. பாட்சி சிற்றாலயம் இவருடையதா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

தோல்விகள்

வெற்றிகளுக்கு இடையே பெரும் இழப்புக்களும் உண்டு. பளிங்குக் கற்களை ஆர்னோ ஆற்றில் ஏற்றிவரும் கப்பல் ஒன்றுக்கு 1421 ஆம் ஆண்டில் மூன்றாண்டுக் காப்புரிமை பெற்றார். அறியப்பட்ட மிகப் பழைய காப்புரிமைகளுள் இது ஒன்று. கப்பலோ பளிங்குச் சுமையுடன் ஆற்றில் மூழ்கிவிட்டது. 1430 ஆம் ஆண்டில் லுக்கா நகருடன் நடந்த போரின்போது, ஆற்றைத் திருப்பி அந்நகரைச் சூழச் செய்ய முயன்றார். வெள்ளம் புளோரன்சின் படை முகாமுக்குள்ளேயே புகுந்தது.

1434 ஆம் ஆண்டில் கட்டிடத் தொழிலாளர் குழுவுக்கு உறுப்பினர் கட்டணம் செலுத்தவில்லை எனச் சிறையில் அடைக்கப்பட்டு, பேராலய நிர்வாகத்தின் தலையீட்டால் சில நாட்களில் விடுதலையானார். அதே ஆண்டில் இவரது வளர்ப்பு மகனும் மாணவருமான புஜ்ஜானோ பணத்துடன் நேப்பிள்சுக்கு ஓடிவிட்டார். திருத்தந்தையின் உதவியுடன் அவர் திரும்பி அழைத்துவரப்பட்டார்.

இறப்பு

குவிமாடத்தின் உச்சியில் அமையும் விளக்கு மாடத்துக்கான போட்டியிலும் புரூனெலெஸ்கியே வென்றார். அதன் கட்டுமானம் தொடங்கிய 1446 ஆம் ஆண்டிலேயே அவர் காலமானார். மிக்கெலொட்சோ முதலியோர் பணியைத் தொடர்ந்தனர். 1471 ஆம் ஆண்டில் வெரோக்கியோ செய்த பொன் முலாம் பூசிய செப்புக் கோளம் உச்சியில் ஏற்றப்பட்டது.

பேராலயத்தினுள்ளேயே அடக்கம் செய்யப்படும் சிறப்பு அவருக்குக் கிடைத்தது. சுவரில் உள்ள அவரது மார்பளவுச் சிற்பத்தைச் செய்தவர் புஜ்ஜானோ. கல்லறை இருந்த இடம் காலப்போக்கில் மறக்கப்பட்டு, 1972 ஆம் ஆண்டில் பேராலயத்தின் தரைக்கு அடியில் இருந்த பழைய சாந்தா ரெபராத்தா ஆலயத்தை அகழ்ந்தபோது மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது.