லிண்ட்ஹோல்ம் தீவில் பறந்த கடிகாரக்காரர்

ஹெல்சிங்கோர் நகருக்குச் செல்லும் எம்மவர்கள் பெரும்பாலும் குரொன்போர்க் கோட்டையைச் சுற்றிப் பார்ப்பர். எதிர்க்கரையில் தெரியும் சுவீடனுக்குக் கப்பலேறிச் சென்று மாலையில் வீடு திரும்புவர். அதே நகரில் டென்மார்க்கின் தொழில்நுட்ப நூதனசாலை இருப்பதைப் பலர் அறியார். 1911 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட அந்த நிறுவனத்தில் பேணப்படும் பழம்பொருட்களுள் இரண்டு மனிதர்களின் கைவேலை எம்மை நெடுநேரம் நிறுத்தி வைக்கக் கூடியது. ஒன்று ஹம்மல் கார். மற்றையது யாக்கோப் எல்லஹாமர் என்பவரின் பறக்கும் பொறிகள்.

ஹம்மல் காரைப் பற்றி முதலில் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும். கொப்பன்ஹேகனில் பட்டறை நடத்திய அல்பேர்ட் ஹம்மல் என்பவரும், அவரிடம் பணிபுரிந்த ஹான்ஸ் உர்பன் யொஹான்சன் என்ற கைவினைஞரும் 1880களின் பிற்பகுதியில் செய்த வண்டி அது. இரண்டு சிலிண்டர்கள், ஏறக்குறைய 3 குதிரைவலு, மணிக்கு 10 கிலோமீற்றர் அளவிலான வேகம். சுக்கானை வலப்புறம் திருப்பினால் வண்டி இடப்புறம் போகும். அதே போன்ற இரண்டாவது வண்டி சந்தைக்கு வரவேயில்லை. ஆனால் 1954 ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து பிறைற்றன் நகர் வரை நடைபெறும் பழைய கார்களின் ஓட்டத்தில் அது கலந்துகொண்டு, பன்னிரண்டரை மணிநேரம் ஊர்ந்து ஊர்ந்து எல்லையைத் தொட்டது. விற்கப்படாத வண்டி என்பதாலேயே அது இன்றுவரை பிழைத்திருக்கின்றது என்று நாம் எண்ணுவதுண்டு. விற்கப்பட்டிருந்தால் எங்கோ ஓடித் தேய்ந்து இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

எல்லஹாமரின் கதை இதைவிட நீண்டது, சிக்கலானதும் கூட.

யாக்கோப் கிறிஸ்ரியான் எல்லஹாமர் 1871 ஆம் ஆண்டு ஜூன் 14 ஆம் திகதி, தென் சீலாந்தில் வோர்டிங்போர்க் நகருக்கு அண்மையிலுள்ள பக்கபொல்ல என்ற சிற்றூரில் பிறந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கடிகாரம் செய்பவரிடம் தொழில் பழகினார். பின்னர் கொப்பன்ஹேகனுக்கு வந்து மின்சாரத் தொழிலில் தேர்ச்சி பெற்றார். பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர் அல்லர். பல்கலைக்கழகத்திலே கற்பித்த காலத்தில், சான்றிதழ் உடையவரே அறிஞர் என்ற நினைப்பு எம்மைச் சுற்றி எங்கும் பரவியிருந்தது. பட்டம் பெறாத இம்மனிதரின் வேலையை நோக்கும்போது அந்த நினைப்பு எவ்வளவு குறுகியது என்பது விளங்குகின்றது. கடிகாரம் பழகியவனுக்கு நிறையைக் குறைப்பதும், சிறிய பற்சக்கரம் பெரிய வேலை செய்வதும் கைவந்த கலை. அந்தக் கை தேர்ச்சியே பிற்காலத்தில் அவருடைய இயந்திரங்களில் வெளிப்பட்டது.

1898 ஆம் ஆண்டில் அவர் சொந்தத் தொழிலகம் ஒன்றைத் தொடங்கினார். அங்கே சிகரெட் செய்யும் இயந்திரங்களும், பானம் வழங்கும் இயந்திரங்களும், வேறு பல மின்கருவிகளும் உருவாயின. இவை யாவும் விற்பனைக்கானவை. வாங்குபவன் என்ன கேட்கின்றான், எத்தனை ஆண்டு உழைக்கும், எவ்வளவுக்குப் போகும் என்ற கணக்குடன் செய்யப்பட்டவை. 1904 இல் ஒரு மோட்டார் சைக்கிளையும் அவர் செய்தார். தன் பெயரிலிருந்தே எடுத்து அதற்கு எல்லஹாம் என்று பெயரிட்டார். அதுவும் சந்தைக்குப் போன பொருளே.

வேறொருவராயின் அத்துடன் நின்றிருப்பார். மோட்டார் சைக்கிள் தொழிலைப் பெருக்கி, ஒரு தொழிற்சாலையின் முதலாளியாக முதுமை அடைந்திருப்பார். எல்லஹாமரின் மனமோ அந்த இயந்திரத்தின் உள்ளேயிருந்த வேறொரு வாய்ப்பைப் பற்றிக்கொண்டது. தரையில் ஒரு மனிதனை இழுத்துச் செல்லும் இயந்திரம் போதிய அளவு இலேசாக இருக்குமாயின், அவனை ஏன் தூக்கிச் செல்ல முடியாது?

இவ்விடத்தில் சற்று விளக்கம் வேண்டும். அக்கால மோட்டார் இயந்திரங்களுக்குப் பெரும் பாரமாக இருந்தது குளிர்விக்கும் நீர். நீருக்கு ஒரு தாங்கி, குழாய்கள், வெப்பத்தை வெளியேற்றும் தகடுகள் என்று நிறை ஏறிக்கொண்டே போகும். மோட்டார் சைக்கிளின் இயந்திரம் காற்றிலேயே குளிர்வது. ஆனால் ஒற்றைச் சிலிண்டரின் வலு ஒரு மனிதனைத் தூக்கப் போதாது. சிலிண்டர்களை வரிசையாக அடுக்கினாலோ பின்னால் நிற்பவற்றுக்குக் காற்றுப் படாது. எல்லஹாமர் மூன்று சிலிண்டர்களை ஓர் அச்சைச் சுற்றி நட்சத்திரக் கதிர்களைப் போல நிறுத்தினார். மூன்றிலும் காற்றுப் பட்டது; நீரும் வேண்டியிருக்கவில்லை. இவ்வாறு நட்சத்திர வடிவில் அமைந்த இயந்திரங்களே பிற்காலத்தில் பல்லாயிரம் விமானங்களை இழுத்துச் சென்றன. அவ்வகையை விமானத்துக்கென முதன்முதல் அமைத்தவர்களுள் இந்தக் கடிகாரக்காரரும் ஒருவர்.

பறப்பதற்கு இடம் தேடியபோது அவர் தன் பிறந்த ஊர்ப் பக்கமே சென்றார். சீலாந்துக்கும் மொயன் தீவுக்கும் இடையிலுள்ள கடலில் லிண்ட்ஹோல்ம் என்ற குட்டித்தீவு இருக்கின்றது. பரப்பளவு ஏறக்குறைய 7 ஹெக்டேயர். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால் ஒரு தென்னந்தோட்டம். அங்கே வட்டமான ஓடுபாதை ஒன்றை அமைத்தார். நடுவே ஒரு கம்பம். கம்பத்திலிருந்து விமானத்துக்கு ஒரு கம்பி. செக்கு மாடு உரலைச் சுற்றுவது போல விமானம் கம்பத்தைச் சுற்றி ஓடவேண்டும். வேகம் கூடியதும் நிலத்தை விட்டெழ வேண்டும். 1906 ஆம் ஆண்டு செப்டெம்பர் 12 ஆம் திகதி அது எழுந்தது. அரை மீற்றர் உயரம், 42 மீற்றர் தூரம். விமானத்தில் இருந்தவர் எல்லஹாமரே.

இதனை ஐரோப்பாவின் முதற் பறப்பு என்று டெனிஷ் மக்களுட் சிலர் பெருமையோடு உரிமை கோருவர். அதே ஆண்டு மார்ச் மாதத்தில் ருமேனியரான திரையான் வூயா பிரான்சில் சில மீற்றர்கள் எழும்பியிருந்தார். ஒக்ரோபர், நவெம்பர் மாதங்களில் பிரேசில் நாட்டவரான சந்தோஸ் துமோன் பாரிசில் கட்டுத்தறி எதுவுமின்றிப் பறந்து காட்டினார். அமெரிக்காவின் ரைற் சகோதரர்கள் 1903 இலேயே பறந்துவிட்டனர். கம்பியில் கட்டப்பட்டுப் பறந்ததைப் பறப்பு என்று ஏற்கலாகாது என்பதே எல்லஹாமருக்கு எதிரான வாதம். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கல் நாளில் பட்டம் விடுபவர்களிடம் இந்த வழக்கைக் கொடுத்தால் தீர்ப்பு வேறாக இருக்கலாம். ஆயினும் பட்டத்தைக் காற்றுத் தூக்குகின்றது. விமானம் தன்னைத் தானே தூக்கவும், தன் வழியைத் தானே தெரியவும் வேண்டும். இரண்டாவதை லிண்ட்ஹோல்ம் பறப்புச் செய்யவில்லை. ஆகவே எதிர்வாதமே நியாயமானது என்பது எமது கருத்து. முதலாவது என்ற பட்டம் இல்லாவிட்டாலும் அந்த 42 மீற்றரின் பெறுமதி குறைந்துவிடாது.

லிண்ட்ஹோல்ம் என்ற பெயரை எம் வாசகர்களுட் பலர் வேறொரு காரணத்தால் அறிவர். 1920களிலிருந்து அத்தீவில் கால்நடை வைரசு நோய்களை ஆராயும் நிலையம் இயங்கிவந்தது. 2018 ஆம் ஆண்டின் இறுதியில், குற்றத் தண்டனை பெற்று நாடுகடத்தத் தீர்ப்பிடப்பட்டும் திருப்பியனுப்ப முடியாதிருக்கும் வெளிநாட்டவரை அத்தீவிலே தங்கவைக்க அன்றைய அரசு முடிவு செய்தது. உலகச் செய்திகளில் அத்தீவின் பெயர் அடிபட்டது. 2019 இல் ஆட்சி மாறியதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஒருவர் நிலத்தை விட்டு எழுவதற்காகத் தேர்ந்தெடுத்த இடத்தையே, நூறு ஆண்டுகளின் பின்னர், வெளியேற முடியாதவர்களை வைப்பதற்காக இன்னொருவர் தேர்ந்தெடுத்தார். வழக்குகளின் முடிவுக்காகக் காத்திருந்த எம் குடும்பங்களில் அச்செய்தி ஏற்படுத்திய கலக்கத்தை நாம் நேரில் கண்டோம். குற்றத் தண்டனை எதுவும் பெறாதவர்களும் தங்கள் பெயர் அந்தப் பட்டியலில் வந்துவிடுமோ என்று உறக்கம் இழந்திருந்தனர்.

எல்லஹாமரிடம் திரும்புவோம். 1908 ஜூன் மாதத்தில் ஜேர்மனியின் கீல் நகரில் நடந்த பறப்புப் போட்டியில் அவர் சில வினாடிகள் பறந்து 5000 மார்க் பரிசு பெற்றார். ஜேர்மன் மண்ணில் நிகழ்ந்த முதல் இயந்திரப் பறப்பு என்று அது பேசப்படுகின்றது. அவர் வாழ்வில் விமானத்தால் வந்த வருவாய் என்று எடுத்துச் சொல்லத்தக்கது அந்தப் பரிசுதான்.

ஏனெனில் அதற்குள் காலம் அவரைக் கடந்து போய்விட்டது. பிரான்சில் விமானம் விலைக்குக் கிடைக்கும் பண்டமாகிவிட்டது. றொபேர்ட் ஸ்வென்சன் என்ற டெனிஷ் நாட்டவர் பிரான்சின் வோய்சான் நிறுவனத்தின் விமானம் ஒன்றைப் பெற்றுவந்து, 1910 ஜூலை 17 ஆம் திகதி கொப்பன்ஹேகனிலிருந்து கடலைக் கடந்து சுவீடனின் மல்மோ பக்கம் சென்று இறங்கினார். நாடே கொண்டாடியது. சொந்தக் கையால் இயந்திரத்தையும் செய்து, இறக்கையையும் செய்து, பறக்கும் வித்தையையும் தானே பழகிய மனிதரை, ஆயத்தமாக வாங்கிப் பறந்தவர் முந்திவிட்டார். கணக்கறிந்தவர்கள் சொல்வர்: செய்வதைவிட வாங்குவதே இலாபம். அந்தக் கணக்கில் பிழையில்லை.

இந்தக் கணக்கை நாமும் நாள்தோறும் போடுகின்றோம். டென்மார்க்கில் காருக்கு அறவிடப்படும் பதிவு வரி பல ஆண்டுகளாக 180 வீதம் வரை இருந்தது. 2015 இல் உச்ச வீதம் 150 ஆகக் குறைக்கப்பட்டது. ஒரு காரின் விலையில் பெரும் பங்கு வரியாகவே இருக்கும் நாட்டில், கார் என்பது போக்குவரத்துச் சாதனம் மட்டுமன்று, முதலீடும்தான். ஆகவே ஹேர்னிங்கிலும் ஹொல்ஸ்ரபுறோவிலும் வாழும் எம் தகப்பன்மார், பிள்ளை பழைய கார் ஒன்றை வாங்கி, இருக்கையை மாற்றி, நிறத்தை மாற்றி, இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டும்போது, விற்கப் போனால் இதற்கு என்ன வரும் என்று முதலிற் கேட்கின்றனர். இக்கேள்வியைப் பேராசை என்று தள்ளிவிட எம்மால் முடியாது. கட்டிய வீட்டையும், நட்ட மாமரத்தையும், பூட்டிய கடையையும் ஒரே இரவில் விட்டு வந்தவர்களுக்கு, எந்தப் பொருளையும் பார்த்தவுடன் அது காசாகுமா என்று நினைப்பது பழக்கமாகிவிட்டது. நகையாக இருந்தது கடல் கடந்து வந்தது. வீடாக இருந்தது வரவில்லை. ஆயினும் பதினெட்டு வயதுப் பையனுக்கு அந்த இரவு தெரியாது. அவன் கேட்பது வேறு: இதைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கின்றது? கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு இளமையில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிக் கழற்றிப் பூட்டியதும் இதே கேள்வியினாலேதான். அவர் பின்னர் பேருந்துத் தொழிலில் செல்வரானார் என்பதற்காக, கழற்றிய நாளிலே அவர் இலாபத்தை நினைத்தார் என்று சொல்ல முடியாது.

ஸ்வென்சன் கடலைத் தாண்டிய பின்னர் எல்லஹாமர் என்ன செய்தார்? பிரெஞ்சு விமானங்களைப் பார்த்து அவற்றைப் போலச் செய்து விற்கும் தொழிலில் அவர் இறங்கவில்லை. எவருமே வாங்க ஆயத்தமாக இல்லாத ஒன்றைச் செய்யத் தொடங்கினார். அதுவே ஹெலிகொப்டர். 1912 ஆம் ஆண்டில், ஒரே அச்சில் ஒன்றின் மேல் ஒன்றாக எதிரெதிர்த் திசைகளிற் சுழலும் இரு வட்டங்களுடன் அவருடைய பொறி நின்ற நிலையிலிருந்து மேலெழுந்தது. எதிரெதிர்ச் சுழற்சிக்குக் காரணம் உண்டு. ஒரு வட்டம் மட்டும் சுழன்றால் பொறியின் உடல் மறுபுறமாகச் சுழலத் தொடங்கிவிடும். இரண்டும் எதிராகச் சுழன்றால் ஒன்றை ஒன்று ஈடுசெய்யும். அதனைச் செலுத்திய இயந்திரமும் அவர் செய்ததே. இளவரசர் அக்சல் முன்னிலையிலும் அது எழுந்து காட்டியது. எழுந்ததே தவிர, விரும்பிய திசையில் முன்னே செல்ல அதனால் இயலவில்லை. நான்கு ஆண்டுகள் சோதனை நடந்தது. 1916 செப்டெம்பரில் எழும்பிய வேளையிற் சரிந்து, சுழலும் இறக்கைகள் தரையில் மோத, பொறி நொறுங்கிப் போயிற்று.

உலகம் பயன்படுத்தத்தக்க ஹெலிகொப்டரைக் காண்பதற்கு அதன் பின்னர் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. எல்லஹாமர் அந்தக் காலத்தைக் கண்டார். தொழிலகத்தில் வேறு பொருட்களைச் செய்துகொண்டே அவர் முதுமை அடைந்தார். யுத்தம் முடிந்த மறு ஆண்டில், 1946 மே 20 ஆம் திகதி, 74 வயதில் காலமானார்.

1956 இல், லிண்ட்ஹோல்ம் பறப்பின் ஐம்பதாம் ஆண்டு நிறைவில், டென்மார்க் அஞ்சல் திணைக்களம் அவருடைய விமானத்தின் படத்துடன் முத்திரை வெளியிட்டது. கொப்பன்ஹேகனின் கஸ்ற்றுப் விமான நிலைய வளவில் ஒரு வீதிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. எம்மவரில் மிகப் பலர் இந்நாட்டில் முதன்முதலாகக் காலூன்றியதும், கடவுச்சீட்டைக் கையில் இறுகப் பிடித்தபடி முதற் கேள்விக்குப் பதில் சொன்னதும் அந்த விமான நிலையத்திலேதான்.