வரவுக்குள் வாழ்ந்த மௌலானா

மாதம் பிறந்து பத்துத் தேதி ஆவதற்குள் கை காலியாகி, கழுத்தில் கிடப்பதைக் கழற்றிக்கொண்டு நகைக்கடனுக்குப் புறப்படும் வீடுகள் நம் காரைக்காலில் உண்டு. சபுராளி பணம் அனுப்பும் வீட்டிலும் இதே கதைதான். நிக்காஹ் விருந்தில் ஒரு சஹன் குறைந்தால் ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சத்தில் பிள்ளையின் படிப்புச் செலவு அடுத்த மாதத்திற்குத் தள்ளப்படுகிறது. வரவு சிறியது என்பது மெய். எது முதலில், எது பிறகு என்னும் வரிசை தலைகீழாகக் கிடப்பதும் மெய். அந்த வரிசையைக் கடைசிவரை மாற்றாத ஒருவரை இம்மாதம் நினைவுகூர்வோம்.

மௌலானா ஹஸ்ரத் மோஹானி அவர்களின் இயற்பெயர் சையித் ஃபஸ்லுல் ஹசன். வடநாட்டில் உன்னாவ் மாவட்டத்து மோஹான் என்னும் சிற்றூரில் பிறந்தவர்கள். 1903-ல் அலிகரில் பி.ஏ. தேறினார்கள். அக்காலத்தில் அந்தப் பட்டம் சர்க்கார் உத்தியோகத்திற்கு நேர்வழி. அவர்களோ அதே ஆண்டு 'உர்தூயே முஅல்லா' என்ற மாத இதழைத் தொடங்கினார்கள். கையில் கிடைத்தது இதழுக்கும் பழைய உர்து ஏடுகளைத் தேடிச் சேர்ப்பதற்கும் போயிற்று.

1908-ல் எகிப்தில் ஆங்கிலேயரின் கொள்கையைக் கண்டித்து இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் பெயரைச் சொல்ல மறுத்துப் பொறுப்பைத் தாமே ஏற்றார்கள். கடுங்காவல் தண்டனையோடு 500 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. அதைக் கட்ட வழியில்லை. அரும்பாடுபட்டுச் சேர்த்த நூல்கள் அற்ப விலைக்கு ஏலம் போயின. சிறையில் நாள்தோறும் மாவரைக்கும் வேலை. அவர்களைக் கைது செய்தபோது வீட்டில் பால்குடிக் குழந்தை நோயில் கிடந்தது. மனைவி நிஷாத்துன்னிஸா பேகம் கலங்கி அழைக்கவில்லை. உறுதியாயிருக்கும்படி கடிதம் எழுதினார்கள்.

விடுதலைக்குப் பின் இதழ் மீண்டும் வந்தது. 1913-ல் அரசு 3,000 ரூபாய் ஜாமீன் கேட்டது. அந்தத் தொகைக்கு எங்கே போவது? இதழை நிறுத்திவிட்டு, மௌலானா சுதேசித் துணிக்கடை வைத்தார்கள். பட்டதாரி, கவிஞர், பத்திரிகாசிரியர், கல்லாவில் உட்கார்ந்து துணி கிழித்துக் கொடுப்பதில் குறை காணவில்லை. நம்மில் எத்தனை பேர் வேலை போன மறுநாள் ஊரறிய ஒரு சிறு கடை போடத் துணிவோம்?

1916-ல் அவர்களை மீண்டும் காவலில் வைத்தார்கள். வீட்டு நிலை கண்டு உதவ முன்வந்தவரிடம் பேகம் சாஹிபா பணம் பெற மறுத்துவிட்டார்கள். விற்காமல் கிடக்கும் கணவரின் கவிதை நூல்களை விற்றுத் தந்தால் போதும் என்றார்கள். இந்தக் குடும்பத்தின் பெருமையில் பாதிக்கு மேல் அந்த அம்மையாருக்கே உரியது என்பது நம் எண்ணம். கணவர் மட்டும் எளிமையாயிருந்து வீட்டார் வேறு விதமாயிருந்தால் கணக்கு எப்படி நேராகும்? அவர்கள் 1937-ல் வஃபாத்தானார்கள்.

மௌலானா தமக்கென்று செலவழித்தது மிகக் கொஞ்சம். முரட்டுச் சுதேசி உடை, ரயிலில் மூன்றாம் வகுப்பு. ஆனால் ஹஜ்ஜுக்குப் பலமுறை சென்றார்கள்! இல்லாதவருக்கு இது ஏன் என்று கேட்போரும் உண்டு. உடுப்பிலும் உணவிலும் பிடித்த காசு அங்கே போயிற்று என்றே நமக்குத் தோன்றுகிறது. தமக்கு எது பெரிதோ அதற்கு ஒதுக்கினார்கள். ஊர் எதைப் பெரிதென்கிறதோ அதற்கு ஒதுக்கவில்லை.

நாடு விடுதலை பெறும் வேளையில், நம் காயிதே மில்லத் அவர்களைப் போலவே அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராயிருந்தார்கள். வசதிகள் காத்திருந்தன. சர்க்கார் படியும் விடுதியும் வேண்டாமென்று, டெல்லியில் பள்ளிவாசலில் தங்கி, மற்றவர்களோடு பங்கு வண்டியில் ஏறிச் சபைக்குப் போய் வந்தார்கள். 1951 மே 13 அன்று லக்னோவில் மறைந்தார்கள்.