கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

நெய்வேலியில் அகழ்ந்தெடுக்கும் பழுப்பு நிலக்கரி தானே விளக்கெரிப்பதன்று. கடத்துபட்டை அதனைச் சுமந்துசெல்ல, கொதிகலன் நீரை ஆவியாக்க, ஆவி சுழலியைச் சுழற்ற, அதன் பின்னரே மின்னாற்றல் பிறக்கின்றது. இடைப்பட்ட கருவிகளுள் ஒன்று பொருந்தாதாயினும் பயனில்லை. மக்கள் எழுதும் கணினி நிரலும் இத்தகையதே. அதனை எந்திரம் அறியும் எண்களாக மாற்றுவது தொகுப்பி. பகுதிகளை ஒன்றுசேர்ப்பது இணைப்பி. இந்நெறிக்கு அடிகோலியவருள் தலைசிறந்தவர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார் ஆவர்.

இவர் 1906-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் நியூயார்க் நகரிற் பிறந்தார். இளமையிலேயே வீட்டுக் கடிகாரங்களைப் பிரித்து அவற்றின் இயக்கம் அறிய முயன்றவர் என்பர். வாசர் கல்லூரியிற் பயின்று, 1934-இல் யேல் பல்கலைக்கழகத்திற் கணித டாக்டர் பட்டம் பெற்றார்; வாசரிலேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். உலகப்போர்க் காலத்தே கடற்படையிற் சேர விழைந்தார். உடல் எடை குறைவென்று தடை எழுந்தும், விலக்குப் பெற்று 1943-இற் சேர்ந்தார். மறு ஆண்டு ஹார்வர்டில் மார்க் 1 என்னும் கணிப்பொறியில் நிரல் எழுதும் பணி அவருக்குக் கிடைத்தது.

அந்நாளில் முன்னர் எழுதிய துணைநிரல்களை ஏட்டிலிருந்து கையாற் பெயர்த்தெழுதுவர். ஓர் எண் பிறழினும் கணக்கு முற்றும் கெடும். இவ்வேலையை எந்திரத்திடமே ஒப்புவித்தால் என்ன என்று அம்மையார் எண்ணினார். 1952-இல் ஏ-0 என்னும் முறையை அமைத்தார். குறியெண்ணைச் சுட்டியவுடன், நாடாவிலிருந்த துணைநிரலை எந்திரமே தேடியெடுத்துக் கோத்துத் தந்தது. இந்நாளைய வழக்கில் இது இணைப்பியின் தொழிலை ஒத்தது. கணிப்பொறி கணக்கன்றி வேறொன்றும் அறியாது என்று பலர் நம்ப மறுத்தனர், அம்மையார் தளர்ந்திலர். பின்னர் ஆங்கிலச் சொற்களாலேயே நிரல் எழுதும் புளோமேட்டிக் மொழியைப் படைத்தார். 1959-இல் அறிஞர் குழு வகுத்த கோபால் மொழிக்கு அதுவே பெரிதும் அடிப்படையாயிற்று.

ஆயினும் புதியதோர் இடர் முளைத்தது. ஒவ்வொரு நிறுவனத்தின் தொகுப்பியும் கோபாலை ஒவ்வொரு விதமாகக் கொண்டது. பாபேல் கோபுரம் கட்டியோர் நிலையே நிரல் எழுதுவோர்க்கும் நேர்ந்தது. 1966-இல் ஓய்வுபெற்ற அம்மையாரைக் கடற்படை மறு ஆண்டே மீண்டும் அழைத்தது. தொகுப்பிகள் வகுத்த நெறிப்படி இயங்குகின்றனவா என ஆராயும் சோதனை நிரல்களை அவர் குழுவினர் இயற்றினர். நிறுவனங்கள் வழிக்கு வந்தன.

79-ஆம் வயதில், 1986-இல், ரியர் அட்மிரல் பதவியினின்று ஓய்வுற்றார். 1992 ஜனவரி முதல் நாள் மறைந்தார். ஆர்லிங்டன் கல்லறையில் அடக்கம் செய்யப்பெற்றார்.

இன்று கட்டளைவரியில் தொகுப்பியின் பெயரைத் தட்டும் மாணவன், ஒரே பெயருடைய இரண்டு அப்பொறியில் இருப்பின், தேடுபாதையில் முன்னிற்பதே இயங்கும் என்பதை மறத்தலாகாது. எத்தொகுப்பி, எப்பதிப்பு என முதற்கண் வினவியறிந்து, அதன்பின் பணி தொடங்குக. கருவியைச் சோதித்தறியாது கருமம் தொடங்குதல் கூடாதென்பதே அம்மையார் வாழ்வு நமக்குணர்த்தும் பாடம்.