மேளத்தில் ஒருமை கண்ட காருகுறிச்சியார்

வீரபாண்டிய கட்டபொம்மன் வழிபட்ட வீரசக்கதேவி கோயில் கொண்டருளும் பாஞ்சாலங்குறிச்சியும், அதற்கு வடமேற்கே விளங்கும் கோவிற்பட்டியும் ஒரே கரிசற் சீமையைச் சேர்ந்தவை. வாளின் வன்மையால் புகழ்கொண்ட இச்சீமைக்கு நாதத்தின் இனிமையாலும் புகழ் சேர்த்தவர், கோவிற்பட்டியைத் தம் வாழ்விடமாகக் கொண்ட நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் ஆவார்.

தாமிரபரணியால் வளம்பெறும் திருநெல்வேலிச் சீமையின் காருகுறிச்சியிலே, பலவேசம் என்பாரின் திருமகனாராக 1921ஆம் ஆண்டில் அவர் தோன்றினார். இளமையிலேயே நாதஸ்வரப் பயிற்சி பெற்ற அவருக்கு, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையவர்களின் சீடராகும் பெரும்பேறு வாய்த்தது. தோடி ராகத்தின் ஆலாபனையாலே நாடு முழுவதையும் வசப்படுத்திய அந்தச் சக்கரவர்த்தியின் பக்கத்தில் இரண்டாம் நாதஸ்வரம் வாசிப்பவராக அருணாசலம் அமர்ந்தார். அந்த ஆசனத்தின் அருமையை உணர வேண்டுமாயின், கோயில் மேளத்தின் அமைப்பை அறிதல் வேண்டும்.

மேளம் என்பது ஒருவர் தனித்துச் செய்யும் தொண்டன்று. முதல் நாதஸ்வரம், இரண்டாம் நாதஸ்வரம், தவில், ஒத்து, தாளம் ஆகிய அனைத்தும் கூடியதே மேளம். இவற்றை ஏந்தி நிற்போர் பயிற்சியில் சமமானவர் அல்லர். நாற்பதாண்டு சாதகம் செய்த வித்துவானுக்கு அருகிலேயே, சென்ற ஆண்டு குருகுலம் புகுந்த சிறுவன் கையில் தாளத்தோடு நிற்பான். ஒத்து என்பது விரல் துளையில்லாத குழல். ராகமோ சங்கதியோ அதில் இல்லை. ஆதார சுருதி ஒன்றே உண்டு. ஆயினும் மூச்சு அறுபடாமல் அதை ஊதிக்கொண்டிருத்தல் எளிதன்று. கன்னத்தில் காற்றைத் தேக்கி, அது வெளியேறும்போதே மூக்கினால் மூச்சை வாங்க வேண்டும். மாணவன் இவ்வித்தையைச் சந்நிதியிலே நின்று, பெரியோர் வாசிப்பைக் கேட்டுக்கொண்டே கற்றான். சிறுவன் தாளத்தை ஒரு கணம் நழுவவிட்டால் தவில் தடுமாறும். ஒத்து தளர்ந்தால் மாமேதையின் தோடியும் நிலைகுலையும். ஆகவே மேளத்தில் சிறியவனும் பெரியவனைத் தாங்குகிறான்.

இரண்டாம் நாதஸ்வரத்தின் நிலை இவையனைத்திலும் நுட்பமானது. இரு குழல்கள், இரு சீவாளிகள், இரு மூச்சுகள். கேட்போர் செவிக்கு மட்டும் நாதம் ஒன்றாக விழ வேண்டும். ராக ஆலாபனையில் முதல்வர் நிறுத்திய இடத்திலிருந்து இரண்டாமவர் எடுத்துச் செல்வார். அங்கே குறைந்தால் கச்சேரி வாடும். மிகுந்தால் மரியாதை கெடும். கீர்த்தனையிலோ இருவரும் ஒரே நூலில் கோத்த மணிகள் ஆவர். வன்மை இருந்தும் அளவறிந்து நிற்கும் அடக்கமே அந்த ஆசனத்திற்குரிய இலக்கணம். பெருவித்துவானின் கற்பனைக்கு ஈடுகொடுத்து இந்நிலையில் நின்றவர் அருணாசலம். அவருடைய பிற்காலப் பெருமைக்கெல்லாம் இந்தப் பணிவான பயிற்சியே அடித்தளம் ஆயிற்று.

1956ஆம் ஆண்டில் ராஜரத்தினம் பிள்ளையவர்கள் இறைவனடி சேர்ந்தார்கள். அதன்பின் குருவின் வழியை விளக்கி நிற்கும் தலையாய சீடராக ரசிகர்கள் காருகுறிச்சியாரைக் கொண்டாடினர். 1962ஆம் ஆண்டில் வெளிவந்த கொஞ்சும் சலங்கை என்னும் திரைப்படத்தில், எஸ். எம். சுப்பையா நாயுடுவின் இசையமைப்பில், ஆபேரி ராகத்தில் முருகப்பெருமானை அழைக்கும் பாடலுக்கு அவர் வாசித்த நாதஸ்வரம் அவர் பெயரை இல்லந்தோறும் கொண்டு சேர்த்தது. அதனைப் பாடிய எஸ். ஜானகி திரையுலகுக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. திறந்த வெளியில் தேர்வீதி முழுதும் கேட்கும் வாத்தியம் நாதஸ்வரம். பாடகியின் குரலோ மென்மையானது. குழல் தன் முழு வலிமையைக் காட்டியிருந்தால் குரல் அமிழ்ந்திருக்கும். ஆனால் அங்கே குழல் குழைந்து குரலுக்கு வழிவிடுகிறது. குரல் துணிந்து குழலைத் தொடர்கிறது. ஸ்வரங்களில் இரண்டும் கைகோத்து ஓடுகின்றன. துணை நிற்கத் தெரிந்தவரே தலைமை தாங்கவும் வல்லவர் என்பதற்கு அப்பாடல் இன்றும் சான்றாக நிற்கிறது.

நாற்பது வயதைச் சற்றே கடந்த நிலையில், 1964ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். கரிசற் சீமை தன் நாதச் செல்வத்தை இழந்து கலங்கியது.

இன்று பல ஆலயங்களில் சுருதிப் பெட்டி ஒத்தின் இடத்தைப் பெற்றுவிட்டது. சுருதி பிசகாமல் ஒலிக்கும் என்பது மெய்யே. ஆனால் தொடக்கநிலை மாணவன் பெரியோர் அருகே நின்று மூச்சைப் பழகிய இடமும் அதனோடு மறைந்து வருகின்றது. ஒத்தூதவும் தாளமிடவும் சிறுவர் இல்லாத மேளத்திலிருந்து நாளைய இரண்டாம் நாதஸ்வரம் எவ்வாறு தோன்றும்? இரண்டாம் நாதஸ்வரம் இல்லையேல் மற்றொரு காருகுறிச்சியார் எங்ஙனம் எழுவார்? கோபுரமும் கலசமும் அமைத்துத் திருப்பணி புரியும் அன்பர்கள், தலைமை வித்துவானுக்குப் பொன்னாடை போர்த்தும்போது, அவர் பின்னே நிற்கும் தாளக்காரச் சிறுவனையும் திருக்கண் நோக்குவார்களாயின், அதுவும் சந்நிதிக்குச் செய்த திருப்பணியே ஆகும்.

சிறியோரும் பெரியோரும் ஒரே சுருதியில் நின்று இசைக்கும் மங்கல நாதம், அன்னை வீரசக்கதேவியின் திருவருளால் இச்சீமையின் ஆலயந்தோறும் என்றென்றும் முழங்குவதாக.