நாதசுரத்துக்குப் புதுக் குழல் தந்தவர்
டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் வரலாறு

வைகாசி மாதம். காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாளின் கருட சேவை. வீதி கொள்ளாத கூட்டம். பின்னால் நிற்பவர்களுக்குப் பெருமாள் கண்ணில் படும் முன்பே நாதசுரம் காதில் விழுந்துவிடும்.

காஞ்சியில் பட்டு நெய்பவர்களுக்கு ஒன்று தெரியும். புடவை பார்க்க அழகாக இருந்தால் மட்டும் போதாது; பல காலம் உழைக்கவும் வேண்டும். நாதசுரக் குழலுக்கும் இதே விதிதான். ஆனால் அதற்கு மூன்றாவதாக ஒன்றும் தேவை. அதுதான் நல்ல நாதம். அந்த நாதத்துக்காகக் குழலையே மாற்றியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை.

இளமை

அவர் 1898-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் தேதி திருமருகலில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை சிறந்த நாதசுர வித்துவான். அவரே சிறுவனைத் தம் பிள்ளையாக ஏற்று வளர்த்தார். ஊர் மாறியது, பெயரும் ராஜரத்தினம் என்று மாறியது.

முதலில் வாய்ப்பாட்டுப் பயிற்சி. பிறகு அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாதசுரப் பயிற்சி. வாய்ப்பாட்டு கற்றதால், தொண்டையில் வரும் குழைவெல்லாம் குழலிலும் வரவேண்டும் என்ற ஆசை அவருக்கு வளர்ந்தது. பின்னாளில் திருவாவடுதுறை ஆதீன வித்துவானாகவும் விளங்கினார்.

குட்டைக் குழலின் குறை

அந்த நாளில் பெரிதும் வழங்கியது திமிரி நாதசுரம். அது குட்டையானது. குழல் குட்டையானால் சுருதி உயரும். நான்கு கட்டை, ஐந்து கட்டையில் கணீரென்று ஒலிக்கும். மைக்கும் ஒலிபெருக்கியும் இல்லாத காலத்தில், நான்கு வீதிக்கும் கேட்க அது தேவையாக இருந்தது.

பிறகு சபா மேடை வந்தது. மைக்கும் ரேடியோவும் வந்தன. மண்டபத்துக்குள் உட்கார்ந்து கேட்பவருக்கு அந்த உயர்ந்த ஒலி மிகையாகப் பட்டது. பிள்ளை நீண்ட குழலுக்கு மாறினார். அதற்குப் பாரி என்று பெயர். இரண்டு, இரண்டரைக் கட்டையில் ஆழ்ந்த, இனிய நாதம் தருவது அது. வாசிப்பது மட்டும் எளிதல்ல. மூச்சு அதிகம் வேண்டும். துளைகள் தள்ளித் தள்ளி இருப்பதால் விரல்களும் எட்டிப் பிடிக்க வேண்டும்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. ஏழு சுரங்களில் ‘ம’ என்பது இரண்டு வகை. பழைய குழலில் சுத்த மத்தியமம் தானாகச் சரியாகப் பேசாது. வித்துவான்தான் ஊதும் முறையால் அதைச் சரிக்கட்ட வேண்டும். பிள்ளைக்கு உயிரான தோடி ராகத்துக்கோ அந்தச் சுரம் இன்றியமையாதது.

ஆசாரியின் கைவண்ணம்

திருவாவடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை என்ற சிற்றூர். நாதசுரம் செய்வதே அங்குள்ள ஆசாரிகளின் பரம்பரைத் தொழில். அவர்களில் ரங்கநாதன் ஆசாரியிடம் பிள்ளை தம் தேவையைச் சொன்னார். சுத்த மத்தியமம் பிசகாமல் பேசும் பாரி நாதசுரத்தை ஆசாரி செய்து தந்தார்.

நாதசுரத்துக்கு ஏற்றது ஆச்சா மரம். அதுவும் புதிதாக வெட்டியது ஆகாது. ஈரம் காயும்போது அது சுருங்கும், வெடிக்கும். ஆகவே பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரங்களையும் தூண்களையும் தேடி வாங்குகிறார்கள். பல்லாண்டு காய்ந்து இறுகிய அந்தக் கட்டையைக் கடைந்து, நேராகத் துளையிட்டு, மெருகேற்றுகிறார்கள். கீழே விரிந்த வாய்ப்பகுதிக்கு அணசு என்று பெயர்.

உறுதிதான் பெரிது என்றால் கல்லிலேயே செய்துவிடலாமே என்று தோன்றும். கும்பகோணம் கும்பேசுவரர் கோயிலில் கல் நாதசுரம் உண்டு. ஆனால் அதன் கனத்தைத் தாங்கி நெடுநேரம் வாசிப்பது அரிது. உறுதி, அழகு, நாதம், கைக்கு அடக்கம் எல்லாம் ஒருங்கே அமைந்தது பழைய ஆச்சா மரத்தில்தான்.

கலைக்கு மரியாதை

பிள்ளை குழலோடு நிற்கவில்லை. ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவைச் சுருதிக்கு வைத்தார். பாடகர்களைப் போல நாதசுர வித்துவானும் மேடையில் சரிசமமாக அமர வேண்டும் என்று வற்புறுத்தினார். சட்டையின்றி நின்று வாசிக்கும் வழக்கம் இருந்த காலத்தில் கோட்டு அணிந்து வந்தார். 1940-ல் ‘காளமேகம்’ என்ற படத்தில் நடித்தார். 1947-ல் நாடு விடுதலை பெற்றபோது டில்லியிலும் அவர் நாதசுரம் ஒலித்தது.

பெரும் பொருள் ஈட்டினார், தாராளமாகச் செலவும் செய்தார், சேர்த்து வைக்கவில்லை. 1956-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி சென்னையில் காலமானார்.

ஆனால் அவர் விட்டுச் சென்ற சொத்து ஒன்று உண்டு. அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் அதே ஆழ்ந்த நாதத்தை நாடெங்கும் பரப்பினார். நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயில் வாசலிலும் கல்யாணப் பந்தலிலும் நீண்ட நாதசுரத்தைக் காணும்போது நினைக்க வேண்டியவர்கள் இருவர். ஒருவர் கேட்டவர், மற்றவர் செய்து தந்தவர்.