நாடியைத் தைத்த மனிதர்: அலெக்சிஸ் கரெலின் கையும் கருத்தும்

அரியாலையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அண்ணை ஒருவருக்குக் கால்களில் இரண்டு தழும்புகள். ஒன்று வலது முழங்காலுக்குப் பின்னால், ஷெல் துண்டு போன இடம். மற்றது இடது காலின் உட்பக்கத்தில் கணுக்காலிலிருந்து மேலே ஏறும் நீண்ட கோடு. இடது காலில் அவருக்குக் காயமே படவில்லை. வலது காலில் அறுந்த நாடிக்கு மாற்றாக வைப்பதற்கு, இடது காலிலிருந்து ஒரு நாளத்தை எடுத்தார்கள். 2000ஆம் ஆண்டு சண்டை செம்மணிப் பக்கம் வந்த நாட்களில் நடந்தது அது. இன்றைக்கும் அவர் சைக்கிள் மிதித்துத் தோட்டத்துக்குப் போகிறார்.

இரண்டு வீடு தள்ளி இன்னொருவர் இருக்கிறார். அதே காலத்தில் கிட்டத்தட்ட அதே காயம். அவர் பொய்க்காலோடு நடக்கிறார். அவரை ஏற்றிய வாகனம் பாதையில் மறிபட்டு நின்றது. அந்த நேரம்தான் இரண்டு பேருக்கும் இடையிலுள்ள வித்தியாசம். இரத்தம் போகாத கால் தசை ஏறத்தாழ ஆறு மணித்தியாலத்தில் அழியத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு நாடியைத் தைத்தாலும் காலைக் காப்பாற்றுவது கடினம்.

அறுந்த இரத்தக்குழாயைத் தைத்து ஓடவைக்கலாம் என்பது இன்று எங்களுக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. 120 ஆண்டுகளுக்கு முன்னர் அப்படி இல்லை. அதைச் செய்துகாட்டியவர்களில் முதன்மையானவர் அலெக்சிஸ் கரெல் என்ற பிரெஞ்சுக்காரர். அவருக்குப் போரால் காயப்பட்ட எத்தனையோ பேர் கடன்பட்டிருக்கிறோம். அதே மனிதர் பிற்காலத்தில் எழுதியவற்றைப் படித்தால், அந்தக் கடனை எப்படி நினைத்துக்கொள்வது என்ற கேள்வியும் சேர்ந்தே வரும்.

கரெல் 1873 ஜூன் 28இல் பிரான்சின் லியோன் நகருக்கு அருகே பிறந்தார். லியோன் பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். தாய் வளர்த்தார். லியோனில் மருத்துவம் படித்தார்.

1894 ஜூன் 24ஆம் திகதி மாலை, லியோனுக்கு வந்திருந்த பிரெஞ்சு ஜனாதிபதி சாடி கார்னோவை இத்தாலிய இளைஞன் ஒருவன் கத்தியால் குத்தினான். கத்தி கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய நாளத்தை வெட்டியது. ஊரின் சிறந்த சத்திரசிகிச்சை நிபுணர்கள் கூடினார்கள். ஆனால் அறுந்த நாளத்தைத் தைக்கும் வழி அவர்கள் எவரிடமும் இருக்கவில்லை. நள்ளிரவு கடந்ததும் ஜனாதிபதி இறந்தார்.

அந்தக் காலத்தில் இரத்தக்குழாய் அறுந்தால் வைத்தியர் செய்யக்கூடியது அதைக் கட்டிவிடுவதுதான். கட்டினால் இரத்தப்போக்கு நிற்கும், ஆள் தப்பலாம். ஆனால் பெரிய நாடி என்றால் அதற்குக் கீழே உள்ள உறுப்புப் பட்டுப்போகக்கூடும். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1867இல் தமிழில் வெளியிட்ட இரண வைத்தியம் என்ற நூலும் அந்தக் காலத்து மேலைச் சத்திரசிகிச்சையையே எங்கள் மாணவருக்குச் சொல்லிக்கொடுத்தது. பாரிசிலும் மானிப்பாயிலும் வைத்தியரின் எல்லை ஒன்றுதான்.

இருபத்தொரு வயதுகூட நிரம்பாத கரெல் அந்த எல்லையை ஏற்கவில்லை. துணியைத் தைக்கலாம் என்றால் குழாயையும் தைக்கலாம் என்று நினைத்தார். லியோனில் மத்தியூ ஜபுலே போன்றவர்கள் ஏற்கனவே அதை முயன்றுபார்த்திருந்தார்கள். பெரும்பாலும் இரத்தம் உறைந்து குழாய் அடைத்துவிடும். கரெல் பிழை எங்கே என்று தேடினார். ஊசி தடிப்பு, நூல் தடிப்பு, கை முரடு. மெல்லிய தையலைப் படிப்பதற்கு அவர் போனது மருத்துவப் பேராசிரியரிடம் அல்ல. மதாம் லெரூடியே என்ற லியோன் நகரப் பூத்தையல்காரியிடம். காகிதத்தில் தைத்துத் தைத்துப் பழகினார் என்று சொல்வார்கள். இந்தக் கலையின் முதல் ஆசான்களில் தையற்காரப் பெண் ஒருவரும் இருந்ததை மருத்துவ வரலாறு ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறது.

1902இல் அவர் தன் முறையை வெளியிட்டார். அறுந்த குழாயின் இரண்டு வாயும் வட்டமானவை, மெல்லியவை, நனைந்த சட்டைக் கையைப்போலத் துவண்டு கிடப்பவை. ஒரு பக்கத்தைத் தைக்கும்போது ஊசி எதிர்ப்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துவிடும். கரெல் செய்தது இதுதான்: வட்டத்தைச் சுற்றி ஒரே இடைவெளியில் மூன்று தையல் போட்டு, அவற்றின் நூலை மூன்று திசைக்கு இழுத்தார். வட்டம் முக்கோணமானது. இப்போது தைக்கவேண்டியது மூன்று நேர்க்கோடுகளை மட்டுமே. ஊசியும் பட்டு நூலும் மிக மெல்லியவை. நூலில் வாசலின் பூசினார். இரத்தம் உறையாதிருக்க, குழாய்களின் உட்சுவர்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தும்படி பார்த்துக்கொண்டார்.

இவ்வளவு செய்தவருக்கு லியோனில் இடம் கிடைக்கவில்லை. அதே 1902இல் அவர் நோயாளர்களோடு லூர்து மாதா தலத்துக்குப் போனார். காசநோயால் வயிறு வீங்கி இறக்கும் நிலையிலிருந்த மரி பாயி என்ற பெண் அங்கே குணமடைந்ததைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னார். அது புதுமை என்றும் அவர் அடித்துச் சொல்லவில்லை, பொய் என்றும் தள்ளவில்லை. வைத்தியர்கள் அவரை எளிதில் ஏமாறுபவர் என்றார்கள். குருமார் நம்பிக்கை குறைந்தவர் என்றார்கள். பதவிக்கான வழி அடைபட்டது. 1904இல் கனடா போய், அங்கிருந்து சிகாகோவுக்குச் சென்றார்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் கத்ரி என்ற உடலியல் ஆய்வாளரோடு சேர்ந்து செய்த வேலைதான் எங்கள் அண்ணையின் காலுக்கு நேரே தொடர்புடையது. விலங்குகளில் நாடியின் ஒரு துண்டை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் நாளத்தின் ஒரு துண்டை வைத்துத் தைத்தார்கள். நாடி இதயத்திலிருந்து அழுத்தத்தோடு வரும் இரத்தத்தைத் தாங்கும். நாளத்தின் சுவர் மெல்லியது, திரும்பிப்போகும் இரத்தத்துக்கானது. அது அழுத்தத்தைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. தாங்கியது. நாளடைவில் சுவரும் தடித்தது. கரெலுக்குப் பின்னர் கிடைத்த புகழில் கத்ரிக்கு உரிய பங்கு வந்துசேரவில்லை என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு.

1906இல் நியூயோர்க்கின் ரொக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்துக்கு மாறினார். 1908இல் ஓர் இரவு, பிறந்து சில நாளேயான பெண் குழந்தை ஒன்று உடலுக்குள் இரத்தம் கசிந்து இறந்துகொண்டிருந்தது. தகப்பன் லம்பேர்ட்டும் ஒரு வைத்தியர். கரெல் அவர்களின் வீட்டுக்கே போய், தகப்பனின் மணிக்கட்டு நாடியைக் குழந்தையின் முழங்காலுக்குப் பின்னாலுள்ள நாளத்தோடு தைத்தார். தகப்பனின் இரத்தம் பிள்ளைக்குள் ஓடியது. வெளிறிக் கிடந்த குழந்தை சிவந்து, பிழைத்தது. இரத்த வகை பார்க்கும் வழக்கம் பரவாத காலம் அது. அதிர்ஷ்டமும் துணைநின்றது.

நாய்களில் சிறுநீரகத்தை மாற்றிவைத்தும் பார்த்தார். அதே நாயின் சிறுநீரகத்தை அதற்கே திருப்பி வைத்தால் வேலை செய்தது. வேறு நாயினுடையது என்றால் உடல் தள்ளிவிட்டது. தையல் சரி, தடையாக இருப்பது வேறு ஏதோ என்பதை அவர் கண்டுகொண்டார். 1912இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 39.

முதலாம் உலகப் போர் அவரைப் பிரெஞ்சு இராணுவ வைத்தியராக்கியது. பாரிசுக்கு வடக்கே கொம்பியேனில் ஒரு வைத்தியசாலையை நடத்தினார். குழாயைத் தைக்கத் தெரிந்த அவருக்கு அங்கே முதல் எதிரி சீழ்தான். மண்ணும் துணியும் புகுந்த காயத்தில் எந்தத் தையலும் நிற்காது. ஹென்றி டேக்கின் என்ற ஆங்கில இரசாயனவியலாளர், திசுவைச் சுடாதபடி நூற்றுக்கு அரைப் பங்கு அளவில் சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் கரைசல் ஒன்றைத் தயாரித்தார். துளையிட்ட இறப்பர்க் குழாய்களைக் காயத்துக்குள் வைத்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அந்தக் கரைசலைப் பாய்ச்சும் முறையைக் கரெல் அமைத்தார். நுணுக்குக்காட்டியில் கிருமி குறைந்ததைப் பார்த்த பின்னரே காயத்தை மூடினார். பெனிசிலின் வராத அந்தக் காலத்தில் பலருடைய கைகால்களை இது காப்பாற்றியது.

ஆனால் அவருடைய தையல் போர்க்களத்துக்கு வந்துசேர நீண்டகாலம் எடுத்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினரின் 2,471 நாடிக் காயங்களை ஆராய்ந்த அறிக்கை 1946இல் வந்தது. அவற்றில் 81 மட்டுமே தைக்கப்பட்டிருந்தன. நாடி கட்டப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் உறுப்பை இழந்தார்கள். கொரியப் போரில் நாடியைத் தைப்பது வழக்கமானபோது, அந்த இழப்பு நூற்றுக்கு 13 ஆகக் குறைந்தது. இரத்தம் உறையாமல் காக்கும் ஹெப்பரின், நுண்ணுயிர்கொல்லி, இரத்த வங்கி, காயப்பட்டவரை விரைவாகக் கொண்டுவரும் ஹெலிகொப்டர் எல்லாம் சேர்ந்தபோதுதான் 1902இன் மூன்று தையல்களுக்குப் பலன் வந்தது. 1948இல் பாரிசில் ஜோன் குன்லின், காலின் நீண்ட நாளத்தை எடுத்து அடைபட்ட நாடிக்கு மாற்றுவழி அமைத்தார். நாளத்துக்குள் இரத்தத்தை ஒரு திசையில் மட்டும் விடும் வால்வுகள் இருப்பதால் அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். நீண்ட நேரம் நின்று வேலை செய்பவர்களின் காலில் புடைத்துச் சுருளுவதும் பெரும்பாலும் அதே நாளம்தான். இன்று இருதய பைபாசுக்கும் அது பயன்படுகிறது. சிறுநீரக நோயாளரின் கையில் நாடியையும் நாளத்தையும் இணைத்து இரத்தச் சுத்திகரிப்புக்கு வழி செய்வதும் இந்தத் தையலின் பிள்ளைதான்.

இனி மற்றப் பக்கம். 1935இல் விமானி சார்ல்ஸ் லிண்ட்பேர்க்குடன் சேர்ந்து, உடலுக்கு வெளியே உறுப்பை உயிரோடு வைத்திருக்கும் கண்ணாடிப் பம்பியைக் கரெல் அறிமுகப்படுத்தினார். அதே ஆண்டு மனிதன் பற்றிய அவரது நூல் வெளிவந்து பல மொழிகளில் விற்றுத் தீர்ந்தது. அதில் அவர் மனிதர்களைத் தரம் பிரித்தார். பலவீனமானவர்களைச் சமூகம் ஏன் பேணவேண்டும் என்று கேட்டார். கொடிய குற்றவாளிகளையும், குற்றம் செய்த மனநோயாளிகளையும் சிறு நிலையங்களில் நச்சுவாயுவால் அகற்றலாம் என்று எழுதினார். 1936 ஜேர்மன் பதிப்பின் முன்னுரையில் நாசி அரசின் நடவடிக்கைகளைப் பாராட்டினார். நான்கு ஆண்டுகள் கழித்து ஜேர்மனியில் மாற்றுத்திறனாளிகளும் மனநோயாளிகளுமாக 70,000க்கு மேற்பட்டோர் வாயு அறைகளில் கொல்லப்பட்டார்கள். அதற்குக் காரணம் கரெலின் நூல் என்று சொல்ல முடியாது. ஆனால் அப்படியொரு யோசனையைப் படித்தவர்களும் பேசக்கூடிய ஒன்றாக்கியதில் ஒரு நோபல் வைத்தியரின் பெயருக்குப் பங்கிருக்கிறது.

1941இல் அவர் பிரான்சுக்குத் திரும்பினார். நாசிகளோடு ஒத்துழைத்த விஷி அரசு அவருக்கு ஓர் ஆய்வு நிறுவனத்தை அமைத்துக்கொடுத்தது. பாரிஸ் விடுதலையானதும் அவர் பதவியிலிருந்து நிறுத்தப்பட்டார். விசாரணை முடியும் முன், 1944 நவம்பர் 5இல் இருதய நோயால் இறந்தார். லியோன் மருத்துவ பீடம் ஒன்று தாங்கியிருந்த அவர் பெயர் 1996இல் நீக்கப்பட்டது. பாரிசில் அவர் பெயரிலிருந்த வீதிக்கும் இப்போது வேறு பெயர்.

பெயரை எடுத்தது சரி என்றே நினைக்கிறேன். யார் பயன், யார் சுமை என்று மேசையிலிருந்து பிரிக்கும் எழுத்து எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பொய்க்காலோடும், கண்பார்வை இழந்தும், முதுகுத்தண்டில் துண்டோடும் வாழ்பவர்கள் எங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் தையலை நாங்கள் விடத் தேவையில்லை. அது கரெலின் கருத்தைக் கேட்டு வேலை செய்வதில்லை. அண்ணையின் காலைத் தைத்த வைத்தியர் அவர் யார், எந்தப் பக்கம், எதற்கு உதவுவார் என்று பார்க்கவில்லை. நேரம் எவ்வளவு போய்விட்டது என்பதை மட்டும்தான் கேட்டார்.

இப்போது ஷெல் இல்லை. ஆனால் கண்டி வீதியில் மோட்டார் சைக்கிள் விபத்துகள் இருக்கின்றன. முழங்கால் மூட்டு விலகும்போது சேதமடையக்கூடியது அதே நாடிதான். வெளியில் இரத்தம் தெரியாமலும் இருக்கலாம். அடிபட்ட காலின் பாதம் குளிர்ந்து, வெளிறி, உணர்வு குறைந்தால் வீட்டில் வைத்து எண்ணெய் பூசிப் பார்க்கக் கூடாது. உடனே பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆறு மணித்தியாலக் கணக்கு அன்றுபோலவே இன்றும் இருக்கிறது. பாதை மட்டும் இப்போது திறந்திருக்கிறது.