தோடர் பாட்டுக்காக 36 வருஷம் உழைத்த எமனோ
600 பேர் பாஷையை நோட்டில் பிடித்த கனடாக்காரர்

கட்டபெட்டு,

எழுத்து இல்லாத பாஷை. அதைப் பேசியவர்கள் மொத்தமே சுமார் 600 பேர். ஆனாலும் அவர்களுடைய பாட்டு அழிந்து போகவில்லை. கடல் தாண்டி வந்த ஒருவர் அதை எழுதி வைத்துவிட்டார்.

அவர் பெயர் முர்ரே எமனோ. 1904-ம் ஆண்டு கனடாவில் லூனன்பர்க் என்ற கடலோர ஊரில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டிலும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலும் படித்தார். சமஸ்கிருதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். பேராசிரியர் எட்வர்ட் சபீர் சொன்ன யோசனைப்படி 1935-ல் நீலகிரிக்கு வந்தார்.

மந்து மந்தாக அலைந்தார்

அவருக்கு முன்பே தோடர்களைப் பற்றிப் பெரிய புத்தகம் வந்திருந்தது. ரிவர்ஸ் என்ற இங்கிலீஷ்காரர் 1906-ல் போட்டது அது. ஆனால் ரிவர்ஸ் மொழிபெயர்ப்பாளரை வைத்துத்தான் விசாரித்தார். எமனோ அப்படி விடவில்லை. பாஷையைக் காதால் கேட்டு, ஒவ்வொரு ஓசையையும் நோட்டில் எழுதினார். தோடர் பாஷையில் "ர" ஓசையே பல தினுசு. மற்றவர் காதுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

தோடருக்குக் கல்வெட்டு கிடையாது. ஏடு கிடையாது. எருமையின் பெயர், மந்தின் பெயர், செத்தவரின் பெருமை, கல்யாணம், சண்டை எல்லாமே பாட்டில்தான் இருந்தன. ஆண்கள் வட்டமாகக் கை கோர்த்து ஆடும்போது பாட்டு பிறக்கும். சொற்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து வரும். இதற்குத் தனியாகப் புலவர் யாரும் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் பாட்டு கட்டலாம் என்பதை எமனோ உலகத்துக்குச் சொன்னார்.

கதை சொன்ன சுள்ளி

கட்டபெட்டைச் சுற்றியுள்ள மலைகளில் படுகர், தோடர், கோத்தர் காலம் காலமாக அக்கம்பக்கத்தில் வாழ்கிறார்கள். இரும்பு வேலை, மண்பாண்டம், வாத்தியம் மூன்றும் கோத்தர் கையில் இருந்தன. மற்றவர்கள் சாவு வீட்டிலும் அவர்கள்தான் குழல் ஊதி, பறை அடிப்பார்கள்.

எமனோ வந்த நேரத்தில் அந்த வழக்கத்துக்கே ஆபத்து. கோத்தர் வாத்தியம் வேண்டாம் என்று படுகரில் ஒரு பிரிவினர் கிளம்பியிருந்தார்கள். கோத்தரிலும் சீர்திருத்தம் பேசியவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் சுள்ளி. இங்கிலீஷ் படித்தவர். பழைய வழக்கத்தை மீறிக் குடுமியை வெட்டிக்கொண்டவர். பெரியவர்களின் கோபத்துக்கு ஆளானவர்.

அதே சுள்ளிதான் பழைய கதைகளை எல்லாம் எமனோவுக்குச் சொன்னார். அவை "கோத்தர் கதைகள்" என்று 1944 முதல் 1946 வரை நான்கு பாகமாக வெளிவந்தன.

ஆயிரம் பக்கம்

எமனோ 3 வருஷம் இந்தியாவில் இருந்துவிட்டு 1938-ல் திரும்பினார். பிறகு கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். வேறு வேலை எத்தனையோ வந்தும் நீலகிரி நோட்டுகளை அவர் மூட்டை கட்டி வைக்கவில்லை.

1961-ல் தாமஸ் பரோவுடன் சேர்ந்து திராவிட மொழிகளுக்கு அகராதி போட்டார். தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்திலேயே தோடர் சொல்லும் கோத்தர் சொல்லும் அதில் சரிசமமாக உட்கார்ந்தன. காட்டுப் பாஷை என்று கேலி பேசியவர்களுக்கு அது பதில். அகராதியின் இரண்டாம் பதிப்பு 1984-ல் வந்தது.

1971-ல் "தோடர் பாடல்கள்" ஆக்ஸ்போர்டில் அச்சானது. ஏறக்குறைய ஆயிரம் பக்கம். முதலில் மலை ஏறி வந்து 36 வருஷம் ஆகியிருந்தது.

எமனோ 2005-ம் ஆண்டு ஆகஸ்ட் 29-ந் தேதி காலமானார். வயது 101.

ஒரு குறை உண்டு. அந்தப் பாட்டுகள் இங்கிலீஷ் எழுத்தில், விசேஷக் குறிகளோடு அச்சானவை. மந்திலிருந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அது சுலபத்தில் எட்டாது. பாட்டன், முப்பாட்டன் கட்டிய பாட்டைப் பேரப்பிள்ளை படிக்க வழி செய்தால்தான் எமனோ பட்ட பாடு முழுசாகப் பலிக்கும்.